பண்ணைக்கு வந்து போனவர்கள்

"ஆரும் வரலீங்க டாக்டரம்மா. நீங்க மட்டுந்தான் வந்தீங்க" என்றாள் பாவாயி. சொல்லிவிட்டு, வேலியோரம் கிடந்த தண்ணீர்க் குழாயைச் சுருட்ட ஆரம்பித்தாள். அதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் புதன் என்பாளே, அப்படித்தான் சொன்னாள். வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் அட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்த மங்கையர்க்கரசியின் பேனா மட்டும் நின்றுவிட்டது. படிவத்தில் பதினாறாவது கேள்வி. 'கடந்த முப்பது நாட்களில் பண்ணைக்கு வந்து போனவர்கள்: பெயர், தேதி, அதற்கு முன் சென்ற இடம்.' பெயர் என்ற இடத்தில் ஒரு புள்ளி விழுந்து, மை ஊறி, கடுகளவு பெரிதாகிக்கொண்டிருந்தது. அவள் அந்தக் கடுகையே பார்த்தாள். உடம்பில் தலை முதல் கால் வரை வெள்ளைப் பாதுகாப்பு உடை. உள்ளே வியர்வை முதுகுத்தண்டு வழியாக ஒரு கோடாக இறங்கி இடுப்பில் தேங்கியது. கொட்டகைக்குப் பின்னால் பொக்லைன் குழி தோண்டிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் இந்தப் பண்ணையில் மிச்சமிருக்கும் நாற்பத்து மூன்று பன்றிகளுக்கும் அவள் கையால் ஊசி போடவேண்டும். நோய் கண்ட பண்ணையைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்றுகூட உயிரோடு இருக்கக் கூடாது என்பது விதி. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு மருந்தில்லை, தடுப்பூசியில்லை, குழியும் சுண்ணாம்பும்தான். அதையெல்லாம் நேற்று மாலையே தனக்குத்தானே சொல்லித் தயாராகித்தான் வந்திருந்தாள். நீங்க மட்டுந்தான் வந்தீங்க. இதற்குத் தயாராகி வரவில்லை. வரவில்லையா? அப்படியென்றால் முதல் கேள்வியிலிருந்து வரிசையாக எழுதியவள், பதினாறை மட்டும் தாண்டிப்போய் இருபத்திரண்டு வரை முடித்துவிட்டு, கடைசியில் ஏன் திரும்பி வந்தாள்?

வெள்ளிக்கிழமை. இன்றிலிருந்து பன்னிரண்டு நாள் முன்னால். மே மாத வெயில் ஜீப்பின் கூரையில் கொதித்தது. காலையில் முதலில் போனது ராமலிங்கத்தின் பண்ணைக்கு, இங்கிருந்து பதினான்கு கிலோமீட்டர். ஒரு கிடாப்பன்றி படுத்தே கிடந்தது. காய்ச்சல், காது மடல் சிவந்திருந்தது, வெள்ளைப் பன்றியின் தோலில் சிவப்பு பளிச்சென்று தெரியுமே, தெரிந்தது, பார்த்தாள், பார்த்துவிட்டு "வெயிலுக்குத்தான். தண்ணி தெளிச்சு விடுங்க" என்றாள். ஊசி ஒன்று போட்டாள். சாணியும் சேறும் கலந்த தரையில் அந்தக் கிடாவின் தலைமாட்டில் கால்மணி நேரம் நின்றாள். அப்போதுதான் கைபேசியில் பாவாயி அழுதாள். "தாய்ப்பன்னி ரெண்டு மணி நேரமா முக்குதுங்க, ஒரு குட்டிகூட வரலீங்க, வயித்துலயே போயிருமாட்ட இருக்குதுங்க." ஓடினாள். ஜீப்பில் ஏறும்போது உதவியாளர் சின்னராசு, "அம்மா, பூட்ஸக் கழுவீட்டுப் போயிறலாமுங்க, தண்ணி இங்கயே இருக்குது" என்றார். "நேரமில்லண்ணா, அங்க போய்ப் பாத்துக்கலாம்." அங்கே போய். இங்கே. இந்த வாசலில்தான் பாவாயி நின்றிருந்தாள். ஜீப் நிற்பதற்குள் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. எல்லாப் பண்ணை வாசலிலும் வைக்கச் சொல்லி அவளே ஊராட்சிக் கூடத்தில் பேசியிருந்தாள். "காலை நனைக்காம ஒருத்தரையும் உள்ள விடாதீங்க. டாக்டரா இருந்தாலும் விடாதீங்க" என்று சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பாவாயி சொன்ன பேச்சைக் கேட்டு வைத்த தொட்டியை அவள் ஒரே எட்டில் தாண்டினாள். பின்னால் தொளக், தொளக் என்று இரண்டு சத்தம். சின்னராசு நின்று நனைத்துவிட்டு வருகிறார் என்று அப்போதே தெரிந்தது. அந்தச் சத்தம் காதில் விழுந்தது, அதன் அர்த்தமும் விழுந்தது, விழுந்ததை எங்கேயோ ஓரமாக வைத்துவிட்டு முழங்கை வரை உறையை இழுத்து மாட்டினாள். முதல் குட்டி குறுக்கே கிடந்தது. திருப்பி எடுத்தாள். அதன் பின்னால் ஒவ்வொன்றாகப் பத்து. ஒன்று மூச்சுவிடாமல் கிடக்க, மூக்கைத் துடைத்து, முதுகில் தட்டி, அது கீச்சென்றதும் கொட்டகையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக அவள் அந்த வருடத்தில் வேறு எந்த நாளும் இருந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில், ஈரமும் ரத்தமும் மிதித்துக்கொண்டு, அந்த பூட்ஸோடு, அந்தச் சின்னக் கொட்டகைக்குள் ஒன்றரை மணி நேரம்.

"அம்மா." சின்னராசு பக்கத்தில் வந்து நின்றதே தெரியவில்லை. ஊசி மருந்துப் பெட்டியைத் திறந்து சரிபார்க்கிறவர் மாதிரி குனிந்துகொண்டு, உதடு அசையாமல் பேசினார். "ஆரும் வரலைன்னு போட்டுருங்க. அந்த ஓட்டல் சோத்துக் கதைய எழுதி முடிச்சிரலாம். அவரே ஒத்துக்கறார், நாம என்ன." ஓட்டல் சோறு. ஆமாம், அது ஒன்று இருக்கிறது. பாவாயியின் கணவர் நல்லசிவம் மூன்று வாரத்துக்கு முன் தீவனம் தீர்ந்துபோன ஒருநாள், பைபாஸ் ஓட்டல் ஒன்றில் மிச்ச சோற்றை இரண்டு டிரம்மில் வாங்கிவந்து வேகவைக்காமல் கொட்டிவிட்டார். செய்யக் கூடாது, அதுவும் விதிதான். இறைச்சித் துண்டு ஒன்று போதும், அதில் கிருமி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஐந்து நாளைக்கு முன் முதலாவது பன்றி செத்ததிலிருந்து பாவாயி அவரை அதற்காகத்தான் வைதுகொண்டிருந்தாள். காலையில் ஜீப் வந்து நின்றபோதும் வைதுகொண்டுதான் இருந்தாள். அவர் இப்போது குழியோரம் மண்மேட்டில் தலையில் துண்டைப் போட்டுக் குத்தவைத்திருந்தார். சற்று முன் ஒரு தடவை எழுந்துவந்து, நாற்காலிக்கு இரண்டு கை தள்ளி நின்று, "எழுதறதுல என்ற பேரையே எழுதிக்குங்க. நல்லசிவம், தகப்பனார் பேரு ராக்கியண்ணன். நாந்தான் கொண்டாந்து கொட்டுனனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எவ்வளவு சுலபம். அவரே பெயரைச் சொல்லி, தகப்பன் பெயரையும் சொல்லிவிட்டார். எழுதலாம். பொய்கூட இல்லை, அவர் கொட்டியது நிஜம். நிஜத்தைத்தானே எழுதுகிறோம். இரண்டு நிஜம் இருக்கும்போது ஒன்றை எழுதினால் அது பொய்யா? அவளுக்குத் தலைக்குள் ஈ ஒன்று அடைபட்டதுபோல் இருந்தது, இந்தக் கண்ணாடியில் மோதி, அந்தக் கண்ணாடியில் மோதி, திரும்ப இங்கேயே. ராமலிங்கத்தின் கிடா உண்மையிலேயே வெயிலில்தான் படுத்திருக்கலாம். ஆனால் இன்று காலை எட்டு மணிக்கு அந்தப் பக்கத்து டாக்டர் போனில் சொன்னார்: "ராமலிங்கம் பண்ணைலயும் இதே நோய்தானுங்க மேடம். அந்தாளு பத்து நாளா செத்ததச் செத்ததப் புதைச்சுட்டு மூச்சு விடாம இருந்திருக்கார்." அப்போது அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். "அப்படியா" என்றாள். துப்பிவிட்டு, வாய் கொப்பளித்து, இட்லி தின்று, ஜீப்பில் ஏறி, வழியெல்லாம் சின்னராசுவிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். மழையைப் பற்றி! மனசு என்னவெல்லாம் செய்யும், தன் கண்ணுக்கு எதிரிலேயே தனக்குத் தெரியாமல் எதையெல்லாம் போர்வை போட்டு மூடும்.

சரி, ஓட்டல் சோறாகவே இருக்கட்டும். அப்படி வைத்துக்கொண்டு பார்த்தால். "பாவாயி" என்று கூப்பிட்டாள். தன் குரல் ஏதோ ஒரு அலுவலகத்திலிருந்து வருவதுபோல் இருந்தது. "மொதல்ல படுத்தது எது?" "நீங்க பிரசவம் பாத்தீங்கல்ல, அந்தத் தாய்ப்பன்னிதானுங்க. குட்டி போட்டு அஞ்சாம் நாளு எரையெடுக்கல. ஏழாம் நாளு போயிருச்சு. குட்டிகளும் பின்னாலயே." "அதுக்கு அந்த ஓட்டல் சோறு போட்டீங்களா?" பாவாயி குழாயை வைத்துவிட்டு இடுப்பை நிமிர்த்தினாள். "சினையா இருக்கறதுக்கு அதப் போடுவாங்களாங்க? அது தனிக் கொட்டாய். நானே தவுடு ஊறவெச்சு வெப்பேன். இவரு கொட்டுனது பெரிய கொட்டாய்ல. அங்கதான் கடைசியா வந்துது." சொல்லிவிட்டு அவள் அந்தப் பேச்சின் கனம் தெரியாமல் நின்றாள். மங்கையர்க்கரசிக்குத் தெரிந்தது. சோறு விழுந்த இடத்தில் நோய் கடைசியாக வந்தது. அவள் கால் விழுந்த இடத்தில் முதலில். அஞ்சாம் நாள். பாடப் புத்தகத்தில் நாலிலிருந்து பதினைந்து நாள் என்று இருக்கும். கல்லூரித் தேர்வில் நோய் பரவும் வழிகளை எழுதச் சொன்னபோது வரிசையாக எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள்: நோயுற்ற பன்றி, இறைச்சி, உண்ணி, வாகனம், மனிதரின் காலணி. காலணியைக் கடைசியாக எழுதினோமா, வாகனத்தை எழுதினோமா? ஏன் இப்போது அது முக்கியமாகப் படுகிறது? காலில் கிடக்கும் பூட்ஸைப் பார்த்தாள். புதியது, நேற்று கொடுத்தது, அன்றையது இல்லை. இருந்தும் இரண்டு பாதத்தையும் நாற்காலிக்கு அடியில் இழுத்து மறைத்துக்கொண்டாள். அந்த அசைவைத் தானே பார்த்ததும் மறுபடி வெளியே நீட்டினாள். பதினொரு குட்டி. கீச்சென்று கத்தியதும் எல்லாரும் சிரித்த அந்தக் குட்டியும் அதில் சேர்த்தி. காப்பாற்ற நீட்டிய கையும் கொல்ல வந்த காலும் ஒரே உடம்பில், ஒரே நேரத்தில், ஒரே சிரிப்போடு.

தலைக்கு மேல் வேம்பு காற்றில்லாமல் நின்றது. மூன்றாவது படிக்கும்போது பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் அவளுக்கு ஆட்டம் இருந்தது. அன்று காலை குளிக்கும்போது வயிற்றில் மூன்று கொப்புளம். அம்மாவிடம் சொன்னால் பாயில் படுக்கவைத்து, வாசலில் வேப்பிலை செருகிவிடுவார்கள். செருகிவிட்டால் யாரும் உள்ளே வரமாட்டார்கள், யாரும் வெளியே போகக் கூடாது. சட்டையை இழுத்து மறைத்துக்கொண்டு போய் ஆடினாள். பச்சைப் பாவாடை, காகிதக் கிரீடம், பத்துப் பேர் கைகோத்து வட்டமாக. அடுத்த மூன்று வாரத்தில் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. சுகுணா என்ற பெண் ஒரு மாதம் கழித்து வந்தபோது முகமெல்லாம் வடு; அவள்தான் அன்று வலது கையைப் பிடித்திருந்தவள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆத்தா வந்திருக்கிறாள், போய்விட்டாள், கூழ் ஊற்றினார்கள், முடிந்தது. ஆத்தாவிடம் யாரும் அதற்கு முன் சென்ற இடம் எது என்று கேட்பதில்லை. அந்த நிம்மதியை அவள் இருபத்தாறு வருடம் வைத்திருந்தாள். இன்றைக்கும் அப்படியே முடிந்துவிடக் கூடாதா? எழுதினால் என்ன ஆகும். மேலதிகாரி முதலில் நம்பமாட்டார், பிறகு கத்துவார். விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். யாராவது கைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்து, டாக்டரே நோயைப் பரப்பினார் என்று அவள் முகத்தை ஊரெல்லாம் அனுப்புவார்கள். இனி எந்தப் பண்ணை வாசலில் ஜீப்பை நிறுத்துவாள்? எழுதாவிட்டால்? ஒன்றும் ஆகாது. இந்த நாற்பத்து மூன்றும் எப்படியும் குழிக்குத்தான். எழுதினாலும் குழி, எழுதாவிட்டாலும் குழி. அப்புறம் எதற்கு எழுதவேண்டும்? பெயரில் என்ன இருக்கிறது, அதுவும் இவ்வளவு நீளமான பெயர், கட்டத்துக்குள் அடங்காத பெயர், பள்ளியில் எந்தப் படிவத்திலும் அடங்காமல் கடைசி எழுத்து வெளியே போய் நிற்கும். பெயர், தேதி, அதற்கு முன் சென்ற இடம். அதற்கு முன் சென்ற இடம் ராமலிங்கம் பண்ணை. அதற்குப் பின் சென்ற இடம்?

அதற்குப் பின். படிவம் அதைக் கேட்கவில்லை. அவள் மனசும் அவளைக் கேட்டிருக்கவில்லை, இந்த நொடி வரை. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், பாவாயி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, பூட்ஸைக் குழாய்த் தண்ணீரில் லேசாக அலசிவிட்டு, நேராக வசந்தாமணியின் பன்றிப் பட்டிக்குப் போனாள். கரட்டுக் குன்றுக்கு அந்தப் பக்கம், பத்து கிலோமீட்டர் கண்காணிப்பு வட்டத்துக்கும் வெளியே. கணவனை இழந்தவள், ஒரு தாய்ப்பன்றியும் குட்டிகளும்தான் அவளுக்கு உலகம். பூச்சி மருந்து கொடுத்துவிட்டு வந்தாள். இன்றைக்கு என்ன கிழமை? புதன். நாளை வியாழன். வியாழன் சந்தை. அந்தச் சந்தைக்கு நாலு தாலுக்காவிலிருந்து பன்றி வரும், நாலு தாலுக்காவுக்கும் திரும்பிப் போகும். பேனா கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. உறையைக் கழற்றி, பாதுகாப்பு உடைக்குள் கைவிட்டு, வியர்வையில் வழுக்கிய கைபேசியை வெளியே இழுத்தாள். மணி அடித்தது, அடித்தது, எடு, எடு. "ஏனுங்க டாக்டரம்மா" என்றாள் வசந்தாமணி. பின்னால் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. "நாளைக்குச் சந்தைக்குப் போறீங்களா?" "ஆமாங்க, ஆறு குட்டி சொல்லி வெச்சிருக்கறேன். ஏனுங்க?" "வேண்டாம். போகாதீங்க. ஒரு குட்டிகூட பட்டிய உட்டு வெளிய போகக் கூடாது. நீங்களும் வேற பட்டிக்குப் போகாதீங்க. எல்லாம் நல்லா இருக்குதா?" "நல்லா இருக்குதுங்க. தாய்ப்பன்னி ஒண்ணு மட்டும் காலைல இருந்து எந்திரிக்கலீங்க, காதெல்லாஞ் செவந்திருக்குது." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "வெயிலுக்குத்தானுங்களே?" மங்கையர்க்கரசியின் சொல்லே கரட்டைச் சுற்றிக்கொண்டு, வேறொருத்தி குரலில், கேள்வியாக, அவள் காதுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. "இல்லீங்க வசந்தாமணி" என்றாள். "வெயிலுக்கு இல்ல. வேற டாக்டர் வருவாரு. நான் வரக் கூடாது." கைபேசியை வைத்தாள். குனிந்து பேனாவை எடுத்தாள். மண்ணைத் துடைத்தாள். கட்டத்துக்குள் மங்கையர்க்கரசி என்று எழுதினாள், கால்நடை உதவி மருத்துவர். தேதி எழுதினாள். அதற்கு முன் சென்ற இடம் எழுதினாள். கேட்காத கேள்விக்கும் கீழே ஓரத்தில் எழுதினாள்: அதற்குப் பின் சென்ற இடம், வசந்தாமணி பட்டி. சின்னராசு எட்டிப் பார்த்துவிட்டு, பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

எழுதியது காகிதத்தில். காகிதம் கோப்புக்குள் போய்விடும். பாவாயி எதிரில் நிற்கிறாள். "பாவாயி, நான்தான் கொண்டு வந்தேன்" என்றாள் மங்கையர்க்கரசி. பாவாயிக்குப் புரியவில்லை. "எதைங்க?" "இந்த நோயை. அன்னைக்கு ராமலிங்கம் பண்ணைல இருந்து நேரா வந்தேன். அங்கயும் இதேதான்னு இன்னைக்குத் தெரிஞ்சுது. காலை நனைக்காம உங்க தொட்டியைத் தாண்டி உள்ள வந்தேன். தாய்ப்பன்னிக்குத்தான் மொதல்ல வந்திருக்குது. என் பூட்ஸ்லதான் வந்துது." பாவாயி அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவள் காலைப் பார்த்தாள், பிறகு மறுபடி முகத்தை. அடிக்கப் போகிறாள் என்று நினைத்தாள் மங்கையர்க்கரசி; அடிக்கட்டும் என்று உடம்பு முழுக்க ஒரு ஆசை எழுந்தது. நான்தானே கையைப் பிடித்து இழுத்தேன் என்று அவள் சொல்லிவிட்டால் தேவலை என்று அதற்கு அடியில் இன்னொரு ஆசை, அசிங்கமாக, தலை நீட்டியது. பாவாயி இரண்டும் செய்யவில்லை. "அப்ப, அந்த ஓட்டல் சோறு?" என்றாள். "அதுல வரல." "நெசமாலுமா?" "அதுல வந்திருந்தா பெரிய கொட்டாய்லதான மொதல்ல வந்திருக்கோணும்." பாவாயி வாயைக் கையால் மூடிக்கொண்டாள். சட்டென்று திரும்பிக் கொட்டகையைச் சுற்றி ஓடினாள். "ஏனுங்க! ஏனுங்க!" பொக்லைன் இரைச்சலில் அது அமுங்கிப்போனது. அவள் ஓட்டுநர் கண்ணில் படும்படி இரண்டு கையையும் ஆட்டி நிறுத்தச் சொன்னாள். இயந்திரம் அடங்கியதும் அந்த மௌனத்தில் அவள் குரல் கரடு வரை கேட்டது. "உங்களால இல்லீங்களாமா! நீங்க இல்லீங்களாமா!" நல்லசிவம் தலையிலிருந்த துண்டை எடுத்தார். எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், மண்மேட்டில் அப்படியே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். தோள் இரண்டும் குலுங்கின. ஐந்து நாளாகச் செத்ததையெல்லாம் இழுத்துப் போட்டபோது அழாத மனுஷன். பாவாயி அவர் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்தபோது அவள் முகம் கழுவியதுபோல் இருந்தது. மங்கையர்க்கரசியைத் தாண்டிப்போய், "சித்த வெளிய நில்லுங்க" என்றாள். மரியாதை குறையவில்லை, குரல் உயரவில்லை. "பன்னிகளுக்கு வேற டாக்டர் வந்து ஊசி போடட்டுமுங்க. உங்க கையால வேண்டாம்." மங்கையர்க்கரசி எழுந்து அட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே போனாள். பாவாயி கம்பிக் கதவைச் சாத்திக் கொக்கி மாட்டிவிட்டு, நேராகச் சமையல்கட்டுக்குப் போய், தட்டில் சோறும் ரசமும் எடுத்துவந்து புருஷன் கையில் கொடுத்தாள். "அஞ்சு நாளு ஆச்சு நீங்க சோறு தின்னு. தின்னுங்க மொதல்ல." மங்கையர்க்கரசி சாலையோரப் புளியமரத்தடியில் நின்று கைபேசியில் மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்தவில்லை, வேறு டாக்டர்கள் இரண்டு பேரை இரண்டு பக்கமும் அனுப்புவதாகவும், அவள் இனி மறு உத்தரவு வரும்வரை எந்தப் பண்ணைக்கும் போகக் கூடாது என்றும் சொன்னார். சரிங்க சார் என்றாள். கொட்டகையில் பன்றிகள் யாரோ வரும் சத்தம் கேட்டு இரைக்காகக் கத்தத் தொடங்கின. நல்லசிவம் பாதி தின்ற தட்டோடு எழுந்து, எச்சில் கையை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, கம்பிக் கதவு வரை நடந்து வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று அவள் நிமிர்ந்து நின்றாள்.

"அன்னைக்குக் குட்டியெல்லாம் உசுரோட வந்ததும்" என்றார் அவர், "உங்கள ரெண்டு கையெடுத்துக் கும்பிட்டனுங்க டாக்டரம்மா. நீங்க பாத்திருக்கமாட்டீங்க, கை கழுவீட்டிருந்தீங்க." எச்சில் கையைப் பார்த்தார். "அந்தக் கும்பிட்ட இப்ப என்ன பண்றதுன்னு தெரியலீங்க." தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் மண்மேட்டுக்குத் திரும்பிப் போனார்.